கருவியை எடுத்த பின் மிஞ்சுவது எது?

பிரிட்டனின் உயர்கல்விக் கொள்கை நிறுவனம் 2025இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இளநிலை மாணவர்களில் 92 சதவீதத்தினர் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். முந்தைய ஆண்டு இது 66 சதவீதம். எனவே அனுமதிக்கலாமா என்ற கேள்வி காலாவதியாகிவிட்டது. கற்றவருக்குள் என்ன தங்குகிறது என்றுதான் இனிக் கேட்க வேண்டும்.

ஆதரவான சான்று வலுவானது. ஹார்வர்டில் 2023இல் 194 இயற்பியல் மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. வகுப்பில் கலந்து பேசிக் கற்றபோது பெற்றதைப் போல ஏறத்தாழ இருமடங்கை, குறைந்த நேரத்திலேயே, செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் அவர்கள் கற்றார்கள். ஆனால் அந்த ஆசானை வடிவமைத்தவர்கள் பாடம் நடத்துபவர்களே. சரியான விடைகளை முன்பே கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் காட்டும்படி கட்டுப்படுத்தியிருந்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால்? துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு பதில் தருகிறது. வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவியுடன் கணக்குப் போட்டவர்களின் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியில்லாத தேர்விலோ, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. விடை தராமல் குறிப்பு மட்டும் தந்த கருவி இந்தச் சரிவைப் பெரும்பாலும் தடுத்தது. அவர்கள் பள்ளி மாணவர்கள்தான். ஆனால் விடையை வாங்கிக்கொண்டு யோசிப்பதை விட்டுவிடும் பழக்கம் கல்லூரி வாசலோடு நின்றுவிடாது.

தொழில்முனைவிலும் இதே கதைதான். கென்யாவில் சிறுதொழில் நடத்துவோருக்கு வாட்ஸப் வழியே செயற்கை நுண்ணறிவு ஆலோசகர் தரப்பட்டது. சராசரியாகப் பார்த்தால் பலனில்லை. பிரித்துப் பார்த்தால், ஏற்கெனவே நன்றாக நடத்தியவர்கள் முன்னேறினார்கள்; தடுமாறியவர்கள் மேலும் சரிந்தார்கள். அறிவுரை எல்லோருக்கும் கிடைத்தது. தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு எல்லோரிடமும் இல்லை என்பதே என் கணிப்பு. வாடிக்கையாளர் ஒருவரைக்கூடச் சந்திக்காமல் தொழில்திட்டம் எழுதி வாங்கும் மாணவருக்கு இது நேரடி எச்சரிக்கை.

இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டால் தீர்ப்பு தெளிவு: செயற்கை நுண்ணறிவு இருப்பதைப் பெருக்கும், இல்லாததை ஈடுசெய்யாது. ஆகவே தடையும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். ஒப்படைப்புக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியை, மாணவர் எழுதியதை நேரில் விளக்கும் வாய்மொழித் தேர்வுக்கு மாற்றுங்கள். தொழில் போட்டிகளில் அறிக்கையின் மெருகைவிட, நேரில் கேட்டறிந்த தேவைகளுக்கு மதிப்புக் கொடுங்கள். மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: முதல் முயற்சி உங்களுடையதாக இருக்கட்டும், கருவியிடம் அதன் பிறகு கேளுங்கள்.