யாருடைய தரகர்?

மாணவர் விசா முகவர்களைக் குறைசொல்பவர்களுக்கு இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது. கல்விக் கண்காட்சி மேடைகளிலும் பத்திரிகைச் சிறப்பிதழ்களிலும் அதையே கேட்கிறோம்: "பிள்ளையிடம் நாங்கள் ஐந்து சதமும் வாங்குவதில்லை. பல்கலைக்கழகமே எங்களுக்குத் தருகிறது. இதில் யாருக்கு என்ன நட்டம்?" என் ஆட்சேபம் இந்தப் பதிலிலேயே தொடங்குகிறது. பல வருடமாகச் சொல்லிவருவதுதான். இந்தப் பதில் இவ்வளவு துணிச்சலோடு வருவதால் மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏஜென்சிக்காரனுக்குக் காசைக் கட்டிவிட்டு மொஸ்கோவிலும் பாங்கொக்கிலும் மாதக்கணக்காக அறைக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. அதோடு பார்த்தால் மாணவர் விசா சட்டப்படியான வழி. இசட் புள்ளியில் கொஞ்சம் தவறியதால் வளாகம் கிடைக்காத பிள்ளைக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. பிரித்தானியாவின் 28 நாள் கணக்கை விளங்கப்படுத்துவதும் சின்ன வேலையில்லை. வாழ்க்கைச் செலவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருக்கவேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் விழுந்துவிடும். கடைசி நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாளுக்குமேல் போகக்கூடாது. இதை ஊரிலேயே ஒருவர் தமிழில் சொல்லித்தருகிறார் என்றால் உதவிதான்.

ஆனால் பல்கலைக்கழகம் ஏன் காசு தருகிறது? வழிகாட்டியதற்காக அல்ல, ஆள் சேர்த்ததற்காக. பெரும்பாலும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு வீதம் கொமிசனாக வருகிறது. அந்த வீதம் இடத்துக்கு இடம் மாறும். உலகமே வரிசையில் நிற்கும் பல்கலைக்கழகம் தரகருக்கு அள்ளிக்கொடுக்கத் தேவையில்லை. கதிரை நிரம்பாத பல்கலைக்கழகத்துக்குத் தேவை இருக்கிறது. ஆகவே ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதற்குச் சாத்திரம் பார்க்கவேண்டியதில்லை. நம்மூர்க் காணித் தரகர் இரண்டு பக்கமும் வாங்குகிறார், உண்மை. ஆனால் எவ்வளவு வாங்குகிறார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். உறுதியையும் நாம் நொத்தாரிசிடம் காட்டாமல் காசைக் கொடுப்பதில்லை. காணி வாங்கும்போது இருக்கிற இந்த எச்சரிக்கை, அதே காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும்போது எங்கே போகிறது?

திருநெல்வேலிச் சந்திப் பக்கம் இப்படியான ஒரு கந்தோருக்குள் போய் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். சுவர் முழுக்கக் கடவுச்சீட்டை நெஞ்சோடு பிடித்துச் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கச்சி முதலில் ஐஈஎல்டிஎஸ் எத்தனை என்கிறா. பிறகு, உயர்தரம் எடுத்து எத்தனை வருடம், வங்கியில் எவ்வளவு காட்டலாம். என்ன படிக்க விருப்பம் என்ற கேள்வி வந்தாலும் கடைசியில்தான் வரும். அதற்குள் கணினித் திரையில் மூன்று பெயர்கள் வந்துவிடும். உயிரியல் படித்தவருக்கும் அதே சர்வதேச வணிக முதுமாணி, கணக்கியல் படித்தவருக்கும் அதே. கூட வந்த தாயும் "எந்தக் கோர்ஸ் எண்டாலும் பரவாயில்லை பிள்ளை, விசா குத்தினாச் சரி" என்கிறா. அவவைக் குறைசொல்லி என்ன பயன்? அங்கே விற்கப்படுவது எதுவென்று அவவுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது.

2024 ஜனவரி அதைக் காட்டிக்கொடுத்தது. ஆய்வு சாராத முதுமாணிக்கு வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரமுடியாது என்று பிரித்தானியா சட்டம் கொண்டுவந்தது. பாடத்திட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் அதுவரை 'கணவன் மனைவியாக லண்டன்' என்று விற்ற முதுமாணிக்கு மவுசு போய்விட்டது. அதே மாதம் கனடா காட்டவேண்டிய தொகையை 10,000 டொலரிலிருந்து 20,635 ஆக்கியது. மாணவர் அனுமதிக்கும் உச்சவரம்பு வைத்தது. யூலையில் அவுஸ்திரேலியா விசாக் கட்டணத்தை 710 டொலரிலிருந்து 1,600 ஆக்கியது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் கந்தோர்களின் கண்ணாடிக் கதவில் நாட்டுக் கொடிகள் இடம் மாறின. கல்வி ஆலோசனை என்றால் சட்டம் மாறும் வேகத்தில் ஒரு பிள்ளையின் விருப்பப் பாடமும் மாறுமா?

இதைவிடப் பெரிய அநியாயம் கையெழுத்தில் இருக்கிறது. படிப்பின் நோக்கத்தை விளக்கும் கடிதத்தைக் கந்தோரே எழுதிவிடுகிறது, பிள்ளை கையெழுத்து மட்டும் வைக்கிறது: சிறுவயதுக் கனவு, நாடு திரும்பிச் சேவை, எல்லாம் ஒரே அச்சு. காசு போதாவிட்டால் வட்டிக்கு 28 நாள் போட்டுத்தர ஆளையும் காட்டுகிறார்கள். முன்பு ஒரு நாடு மறுத்திருந்தால், "இல்லை" என்று போடு என்கிறவர்களும் உண்டு. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, நியூசிலாந்து தங்களுக்குள் கைரேகைத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை அந்த இடத்தில் யார் சொல்கிறார்கள்? விண்ணப்பத்தில் ஏமாற்று என்று பிடிபட்டால் பிரித்தானியாவில் 10 ஆண்டு வரையும் கனடாவில் 5 ஆண்டும் அவுஸ்திரேலியாவில் பொதுவாக 3 ஆண்டும் கதவு மூடும். மூடுவது பிள்ளைக்கு. எழுதிக்கொடுத்தவரின் பெயர் மறுப்புக் கடிதத்தில் இருக்காது. அவர் அடுத்த நாட்டுக்கு ஃபைல் போடத் தொடங்கியிருப்பார்.

எல்லா முகவரும் இப்படியில்லை என்பார்கள். இருக்கட்டும், நல்லவரும் இதே கொமிசனில்தான் வாழ்கிறார். பிரித்தானியாவின் குடிவரவு ஆலோசனைக் குழு 2024 மே மாதம், முகவர்களுக்கு எவ்வளவு செலவழிக்கிறோம், அவர்கள் மூலம் எத்தனை பேரைச் சேர்க்கிறோம் என்பதைப் பல்கலைக்கழகங்கள் வெளியிடவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆள் வாங்கும் பக்கத்திலேயே வந்த சந்தேகம் ஆள் அனுப்பும் பக்கத்தில் வரவில்லை. இங்கே வேலைக்கு ஒருவரை வெளிநாடு அனுப்ப 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். படிக்க அனுப்புபவரிடம் அந்த உரிமத்தை யாரும் கேட்பதில்லை. சட்டம் வரும்வரை பெற்றோர் பார்த்திருக்கவும் தேவையில்லை. திரையில் மூன்று பெயர் வரும்போது, ஒவ்வொன்றும் உங்களுக்கு எத்தனை வீதம் தருகிறது, உங்களோடு ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகம் ஒன்றையும் சொல்லுங்கள் என்று கேட்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளை தானே இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். விசா விண்ணப்பத்தையும் அப்படியே போடலாம்.