கிட்டப்பாவின் மேல் ஸ்தாயி

வித்தாஸ் என்ற ரஷ்யப் பாடகர் ‘ஒபரா எண் 2’ பாட்டில் உச்சத்துக்குத் தாவுவதை வெள்ளவத்தைப் பிள்ளைகள் கைபேசியில் போட்டுக் காட்டி, ஆம்பிளைக் குரல் இவ்வளவு மேலே போகுமா என்று கேட்கிறார்கள். போகும். நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா போனார். அதுவும் கள்ளக்குரல் இல்லாமல், தொண்டையை முழுசாகத் திறந்து.

‘எவரனி’ இசைத்தட்டைக் கேளுங்கள். மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். கிட்டப்பாவுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. பிருகாக்கள் பொலபொலவென்று உதிர்கின்றன. ஆனாலும் ஒரு சுரம் மற்றதோடு ஒட்டுவதில்லை. உச்சத்தில் குரல் மெலிவதில்லை, கீழே வரும்போது தளர்வதுமில்லை. எட்டிய உயரத்தைவிட, எட்டிய இடத்தில் தேவாம்ருதவர்ஷிணி ராகத்தை நிதானமாகப் பாட முடிந்ததே பெரிது.

தட்டு வேகமாகச் சுழன்றதால்தான் சுருதி ஏறிக் கேட்கிறது என்பார்கள் சிலர். 78 சுற்றில் ஓட வேண்டியது 83 சுற்றில் ஓடினால் அரைக்கட்டை கூடும், உண்மைதான். அந்த அரைக்கட்டையைக் கழித்துவிட்டே கேளுங்கள். குரலின் வீச்சும் பிருகாவின் தெளிவும் அப்படியே இருக்கும்.

டி. ஆர். மகாலிங்கத்தின் ரசிகர்களோடு எனக்குச் சண்டையில்லை. 1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’யில் அவர் பாடிய ‘காயாத கானகத்தே’ இனிமைதான். ஆனால் அது கிட்டப்பா மேடையில் போட்ட பாதை. தியாகராஜ பாகவதரின் குழைவு இன்னொரு வழி. அதை இதோடு எடைபோடுவது வீண்.

கிட்டப்பாவின் குரலில் கொழும்புக்கும் பங்குண்டு. 1926 வாக்கில் கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் சந்தித்தது இங்கேதான். கொட்டாஞ்சேனையை ஒட்டிய ஜிந்துப்பிட்டிக் கொட்டகைகளில் தமிழகத்து நாடகக் கம்பனிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஒலிவாங்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் சொல் விளங்கவேண்டும். சுந்தராம்பாளின் வெண்கலக் குரலுக்கு எதிரே நின்று பாட எந்த ஆணுக்கும் துணிவு வேண்டும். கிட்டப்பா சரிக்குச் சரி பாடினார். 1933 டிசம்பரில் அவர் மறைந்தபோது வயது 27. அந்த ஜோடியை மேடையில் கேட்டவர்கள், பிறகு எந்த நாடகப் பாட்டையும் அரைமனதோடுதான் கேட்டிருப்பார்கள்.

இன்று கோயில் திருவிழாவில்கூட பாடகர் ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிக்கொண்டு முணுமுணுக்கிறார். மிச்சத்தை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்கிறது. சுருதி பிசகினால் திருத்தக் கணினி இருக்கிறது. பழைய தட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. இரைச்சலை நீக்குகிறோம் என்று கிட்டப்பாவின் உச்சத்து மினுக்கத்தையும் சேர்த்து வழித்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஒரு பிரதியைத் தருகிறார்கள். கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் இந்தத் தட்டுகளை வைத்திருப்பவர்கள் நல்ல ஊசி போட்டு, வேகத்தைச் சரிபார்த்து, எதையும் வடிகட்டாமல் பதிவுசெய்யுங்கள். ரஷ்யப் பாட்டைக் காட்டுகிற பிள்ளைக்கு அந்தப் பிரதியைத்தான் கொடுக்கவேண்டும். கேட்டபின் அவனே தீர்ப்புச் சொல்லட்டும்.