தோணியும் வல்லமும்

கொல்லிமலையில் கடல் இல்லை. 70 கொண்டையூசி வளைவுகள் ஏறி வந்தால் வாசலூர்பட்டியில் கொஞ்ச நேரம் படகில் சுற்றலாம், அவ்வளவே. இந்தக் கோடையில் இங்கே இரண்டு நாவல்களை மறுபடி வாசித்தேன்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) நாவலில் பாண்டியன் தொங்கானில் ஒரு பயணி. ஆகவே புயல் அவனுக்குக் காட்சியாகிறது. சாகசம் பிறப்பது அங்கேதான். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில் குரூஸ் மிக்கேலுக்கு வல்லம்தான் பிழைப்பு, மானம் எல்லாம். அவரை அலைக்கழிப்பது புயல் அல்ல. வல்லத்தை விற்பதா என்ற கேள்வி.

கடல்கதை என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் பயணியின் கதையை. வாசகனும் பயணிதான், நான் உட்பட. சிங்காரத்தை முதலில் படிக்கலாம். வண்ணநிலவனைப் படிக்காமல் நிறுத்தக்கூடாது.