தரையை மறந்த பறப்பு: பறப்புச் சிமுலேட்டர்களில் யதார்த்தம் பற்றிய ஒரு நோக்கு

கலையைப் 'போலச் செய்தல்' என அரிஸ்டோட்டில் விளக்கிய காலந்தொட்டு, எதைப் போலச் செய்வது, எவ்வளவுக்குப் போலச் செய்வது என்னும் வினாக்கள் விமரிசன உலகில் ஓய்ந்தபாடில்லை. நெடுங்காலமாக நாடகத்தையும் நாவலையும் முன்வைத்தே விவாதிக்கப்பட்ட இவ்வினாக்கள் இன்று கணினித் திரைக்கும் உரியனவாகிவிட்டன. பறத்தலைக் கணினியிற் போலச் செய்துகாட்டும் சிமுலேட்டர்கள் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கவை. 1982 இல் முதற் பதிப்பைக் கண்ட மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் 'ஃபிளைற் சிமுலேட்டர்', 2001 இல் வெளிவந்த 'ஐ.எல்.-2 ஸ்ரூர்மோவிக்' முதலியன உலகெங்கும் ஒரு பெருங் கூட்டத்தைத் தம்பால் ஈர்த்துள்ளன. அவற்றுள்ளும் இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமானமொன்றைத் தரையிலிருந்து எழுப்பப் பழகுதலே கடினமான முதற் பாடமாகும். ஹற்றனிலோ நுவரெலியாவிலோ கணினியின் முன் அமரும் இளைஞனுக்கும் இப்பாடம் இன்று எட்டாததன்று. ஆகவே, இதனை வெறும் விளையாட்டென ஒதுக்காது, படைப்புக்குரிய அளவுகோல்களைக் கொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

வானூர்தியை எழுப்பப் பழகுதல் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. சீவக சிந்தாமணியின் நாமகளிலம்பகத்தில், அரசி விசயையின் தீக்கனாவைக் கேட்ட சச்சந்தன் மயிற்பொறியொன்றைச் செய்விக்கிறான். பொறியை வலமாகத் திருப்பினால் எழும்பும், இடமாகத் திருப்பினால் இறங்கும் என்னும் நுட்பத்தை அரசி பழகிக்கொள்கிறாள். பின்னர் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் அரண்மனை வீழ்கையில், கருவுற்ற நிலையிலேயே அவள் அப்பொறியில் ஏறித் தப்புகிறாள். அது சென்று இறங்குமிடம் சுடுகாடு. திருத்தக்கதேவர் பொறியின் இயக்கத்துக்குச் சில அடிகளையே ஒதுக்குகிறார். ஆனால் அதனைச் செய்தது யார், எதற்காகச் செய்யப்பட்டது, எங்கே இறங்கியது என்பவற்றை விடாது சொல்கிறார். பறப்புக்கு முன்னும் பின்னும் உள்ள தரை காப்பியத்தில் மறைவதில்லை. இக்காலச் சிமுலேட்டரை நோக்குவதற்கு இது ஓர் உரைகல்லாகப் பயன்படும்.

சிமுலேட்டரின் சாதனையை முதலில் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஹரிக்கேன், ஸ்பிற்ஃபயர் போன்ற விமானங்கள் இரு முன்சில்லுகளிலும் ஒரு வாற்சில்லிலும் நிற்பவை. தரையில் நிற்கையில் மூக்கு வானை நோக்கி உயர்ந்திருப்பதால், ஓட்டுபவனுக்கு நேர்முன்னே உள்ள பாதை தெரியாது. மேர்லின் எஞ்சினின் வலு கூடக்கூட விமானம் இடப்புறமாக இழுக்கத் தொடங்கும். இதற்குக் காரணங்கள் பல. சுழல்விசிறி ஓட்டுபவனின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றுவதால் அதன் எதிர்வினை உடலை இடப்பக்கம் சாய்த்து இடச்சில்லை அழுத்தும். விசிறி தள்ளும் காற்று முறுக்கிக்கொண்டு சென்று வாற்செட்டையை மோதும். வால் தாழ்ந்திருக்கும்வரை, கீழ்நோக்கி வரும் வலப்புறத் தகடு மற்றையதைவிடக் கூடுதலாக இழுக்கும். வால் தரையைவிட்டு எழும் கணத்தில், சாய்க்கப்பட்ட பம்பரம் வேறு திசையில் விலகுவதுபோல விசிறியும் மூக்கை மேலும் இடப்பக்கம் திருப்பும். இந்நான்கினையும் வலக்காலின் அழுத்தத்தால், சுக்கானைக்கொண்டு ஈடுசெய்ய வேண்டும். அழுத்தம் குறைந்தால் விமானம் பாதையைவிட்டு ஓடும். கூடினால் மறுபுறம் திரும்பித் தன்னைத்தானே சுற்றிக் கவிழும்.

இவ்விதிகளைச் சிமுலேட்டர் எவ்வித சலுகையுமின்றிப் போலச் செய்கிறது. பொத்தானை அமுக்கியதும் எழும்பும் பழைய விளையாட்டுகளைப்போல அது பயில்பவனை ஏமாற்றுவதில்லை. வலுவை மெல்லக் கூட்டுதல், நிகழவிருக்கும் விலகலைக் கண் காணுமுன் கால் உணர்தல், வால் எழும்வரை பொறுத்தல் ஆகியவற்றை அவன் பத்துமுறை, இருபதுமுறை தோற்றே கற்கிறான். மேலும், சிமுலேட்டர் இங்கு ஒரு வரலாற்று வெற்றிடத்தையும் நிரப்புகிறது. ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் குடும்பத்திற் பிறந்த அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929 அளவில் உருவாக்கிய பயிற்சிப் பெட்டி, துருத்திகளின் காற்றால் அசைந்து போர்க்கால விமானிகளைப் பயிற்றியது. ஆயின், அது முதன்மையாகக் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சிக்கே பயன்பட்டது. போர்விமானமோ ஓர் இருக்கை மட்டுமே கொண்டது. இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்களிற் பழகியவன், கையேட்டைப் படித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு கருவிகளின் இடங்களைத் தடவியறிந்து, முதல் எழுகையைத் தனியனாகவே செய்தான். பக்கத்திலிருந்து திருத்த எவருமில்லை. அத்தனிமையை ஒத்திகை பார்க்கும் வாய்ப்பினை இன்றைய நிரல் அளிக்கிறது.

ஆயினும், இத்தகைய நுணுக்கம் யதார்த்தமாகிவிடுமா என்பதே வினா. பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோரின் விமரிசனத்தைக் கற்றோர்க்கு இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாடு பழக்கமானது. புறத்தோற்றத்தை உள்ளவாறே பிரதிபண்ணுவது முன்னையது; தோற்றங்களுக்கிடையிலான உறவையும் அவற்றை இயக்கும் சக்திகளையும் வெளிக்கொணர்வது பின்னையது. ஜோர்ஜ் லூக்காச் 1936 இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை இரு குதிரைப் பந்தயங்களைக்கொண்டு விளக்கினார். எமிலி சோலாவின் 'நானா'வில் வரும் பந்தயம் சேணம் முதற் பார்வையாளர்வரை துல்லியமாக விவரிக்கப்படுகிறது. எனினும், கதையோடு அதற்குள்ள பிணைப்பு தளர்ந்தது. டோல்ஸ்டோயின் 'அன்னா கரேனினா'வில் வரும் பந்தயமோ அன்னா, விரோன்ஸ்கி இருவரின் வாழ்விலும் ஒரு திருப்பம். அங்கே குதிரை வீழ்ந்தால் வீழ்ந்ததுதான்.

சிமுலேட்டரின் எழுகை சோலாவின் பந்தயத்தை ஒத்தது. அதன் நுணுக்கம் வியப்பூட்டுவது; ஆனால் வீழ்ந்த குதிரை மறுகணமே எழுந்து நிற்கிறது. 'மீண்டும் தொடங்கு' என்னும் ஒரு கட்டளை இறந்தவனை உயிர்ப்பித்து, எரிந்த விமானத்தைப் பாதையின் தொடக்கத்தில் நிறுத்திவிடுகிறது. பயிற்சிக்கு இது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், எழுகை ஒன்றின் பொருளை அது முற்றாக மாற்றிவிடுகிறது. உடலுழைப்பும் இவ்வாறே நழுவுகிறது. ஹரிக்கேனில் சில்லுகளை உள்ளிழுக்கும் நெம்பு வலப்புறத்தில் உள்ளது. தரையைவிட்டு எழுந்த அந்த நொடியிலேயே ஓட்டுபவன் கட்டுப்பாட்டுக் கோலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் நெம்பைத் தேட வேண்டும். பழகாதவனின் விமானம் அவ்வேளையில் அலைபோல ஏறியிறங்கும். வீட்டிலிருந்து பயில்பவனுக்கு இது பெரும்பாலும் விசைப்பலகையில் ஒரு விரலின் வேலை. எஞ்சினை இயக்க மின்கலவண்டியைத் தள்ளிவந்து இணைத்தவர்கள், சில்லுக்கட்டைகளை இழுத்தவர்கள், எஞ்சினை முழுவலுவிற் சோதிக்கையில் வால் எழாதிருக்க அதன்மேல் ஏறி அமர்ந்தவர்கள் ஆகியோரும், அவர்கள் இடம்பெறும் நிரல்களிற்கூட, ஒரு கட்டளைச் சொல்லுக்குப் பதில்கூறும் குரலாகச் சுருங்கிவிடுகின்றனர்.

எழுகைக்கு எத்தகைய பொருள் உண்டென்பதை இலங்கையின் வரலாறே காட்டும். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து சென்ற கற்றலினா விமானமொன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. இருந்தும், மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்புக்குத் தக்க முன்னறிவிப்புக் கிட்டவில்லை. எதிரி விமானங்கள் தலைக்குமேல் தோன்றிய பின்னரே இரத்மலானையில் 30 ஆவது அணியின் ஹரிக்கேன்கள் எழத் தொடங்கின. அணிவகுக்கவோ உயரம் பிடிக்கவோ அவகாசமிருக்கவில்லை. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாகக்கொண்டு எழுந்த 258 ஆவது அணியின் 14 ஹரிக்கேன்களில் 9 இழக்கப்பட்டன. அன்று அவ்விமானிகள் தம் காலாலும் கையாலும் செய்தவை சிமுலேட்டர் கற்பிப்பவையே. ஆயின், அவற்றைச் செய்வதற்குக் கிடைத்த நேரம், செய்யாவிடின் வரும் விளைவு, மீண்டும் தொடங்க இயலாமை ஆகியவை கூடியபோதே அது எழுகையாயிற்று.

இவ்விடத்தில் மலையகம் இக்கதைக்கு வெளியே நிற்பதாகத் தோன்றலாம், அது தோற்றமே. 1940 ஜூலையிற் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு விதிக்கப்பட்டு, ஆளொருவர்க்கு வாரத்துக்கு இரண்டு அவுன்சு என்றாயிற்று. 1942 மார்ச்சில் ஜாவாவும் வீழ்ந்தபின், நேச நாடுகளின் தேயிலைக்கு இந்தியாவும் இலங்கையுமே பெரும் ஆதாரங்களாயின. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பறித்து, அரைத்து, பெட்டியில் அடைத்த தேயிலை புகையிரதத்தில் இறங்கிச் சென்று கப்பலேறிய துறைமுகந்தான் அன்று தாக்கப்பட்டது. ஹரிக்கேன்கள் காக்க முயன்றவற்றுள் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் அடங்கும். அத்தொழிலாளரோ அதே காலத்தில் தம் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். போர் முடிந்து சில ஆண்டுகளில், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. விமானியின் இருக்கையிலிருந்து மட்டும் அக்காலத்தைக் காண்பவனுக்கு இவை எவையும் புலப்படா.

இக்காலச் சிமுலேட்டர்களிலோ மலையகமே நேரடியாகத் தோன்றுகிறது. 2020 இல் வெளிவந்த 'ஃபிளைற் சிமுலேட்டர்' செய்மதிப் படங்களைக்கொண்டு உலகம் முழுவதையும் திரையில் விரிக்கிறது. மரங்களையும் கட்டடங்களையும் பெரும்பாலும் கணினி தானே ஊகித்து நட்டுவிடுகிறது. மலையகத்தின் காற்றைக்கூட அது அறியும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. அங்கே எழ முனையும் விமானம் தரையில் பத்து வீதமளவு கூடிய வேகத்தைப் பெறவேண்டும். அதற்கேற்ப ஓடவேண்டிய தூரமும் நீளும். இக்கணக்கு நிரலிற் பிழைப்பதில்லை. ஆனால், மலையகத்தின் காற்றை அளந்த நிரல் மலையகத்தின் மனிதரை அறியாது. கொழுந்துக் கூடையுடன் நிரையில் நிற்கும் பெண்ணோ, லயத்தின் வாசலோ, பிள்ளைக்காம்பராவோ அதில் இல்லை. இருப்பது பச்சைக் கம்பளம் ஒன்றே. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானங்களில் வந்திறங்கிய உல்லாசப் பயணிகளும், அவர்களுக்கு முன் பங்களா விறாந்தையில் அமர்ந்த துரைமாரும் கண்டது இக்கம்பளத்தையே. பார்வையின் உயரம் மாறியதேயன்றிப் பார்வை மாறவில்லை.

மலையகத் தரை விமானத்துக்கு வெறும் பின்னணியன்று என்பதற்கு மற்றுமொரு சான்றுண்டு. 1974 டிசம்பர் 4 ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின்எயர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், தானிருக்கும் இடம் பற்றிய பிழையான கணிப்பினால் தாழ இறங்கி, நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். திரையில் மலை ஒரு தடையாக மட்டுமே அமைகிறது. மலையடிவாரத்து மக்களுக்கோ அது நினைவிலிருந்து அகலாத இடமாயிற்று.

விமானத்தை எழுப்பக் கற்பிக்கும் நிரலிடம் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எதிர்பார்ப்பது நியாயமா எனச் சிலர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொரு படைப்பும் தன் எல்லையை வகுத்துக்கொள்ளும் உரிமையுடையது. வால் எழும் கணத்தைக் கற்பிப்பதே நோக்கமாயின் அதில் வெற்றிபெற்றால் போதும். ஆனால், இந்நிரல்கள் தம்மை அவ்வளவில் நிறுத்திக்கொள்வதில்லை. 'மெய்யானது' என்னும் சொல்லாலேயே அவை விற்கப்படுகின்றன. மெய்ம்மையின் அளவைக் கொண்டே பயில்வோர் அவற்றைத் தரம் பிரிக்கின்றனர். மெய்ம்மைக்கு உரிமை கோரும் படைப்பை மெய்ம்மையின் பேரால் மதிப்பிடுவது விமரிசனத்தின் கடமையாகும். அன்றியும், வரலாற்றுப் பாடம் இங்கு கோரப்படவில்லை. வாலின்மேல் அமர்ந்தவனுக்கு ஓர் உடலும், வீழ்ந்த விமானத்துக்கு ஒரு விளைவும், கீழே விரியும் நிலத்துக்குச் சில மனிதரும் அமைவது தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்டதன்று.

மலையக இலக்கியம் தன் வரலாற்றிற் செய்த முதன்மையான காரியமும் இதுவே. சி. வி. வேலுப்பிள்ளை முதல் தெளிவத்தை ஜோசப் வரையிலான எழுத்தாளர் பச்சைக் கம்பளத்தைக் கிழித்து, அதனடியில் வாழ்ந்தவர்களை முன்னிலைக்குக் கொண்டுவந்தனர். அவ்விலக்கியத்தைப் படித்த இளைஞன் சிமுலேட்டரின் முன் அமர்கையில் இருமடங்கு நன்மை பெறலாம். விதிகளைப் பணிந்தே விடுதலை கிட்டும் என்பதை அது அவன் காலுக்குக் கற்பிக்கும். அந்தப் பெருமை ஓட்டுபவன் ஒருவனுக்கே உரியதன்று என்பதை அவன் தானே அதற்குக் கற்பிக்கவேண்டியிருக்கும். நிரலை எழுதுவோரின் வரிசையில் அவனும் ஒருநாள் சேர்வானாயின், இவ்விரண்டாவது பாடம் திரையிலும் இடம்பெறக்கூடும். இன்றைய நிலையில், போர்விமானத்தின் எழுகையைச் சிமுலேட்டர்கள் இயற்பண்பின் உச்சத்துக்குக் கொண்டு சென்றுள்ளன என்றும், யதார்த்தத்தின் வாயிலை இன்னும் எட்டவில்லை என்றும் மதிப்பிடுவதே தகும்.