முதல் பக்கத்தின் சாட்சியம்

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலை முகவரியோடு ஒரு காலத்தில் வெளிவந்த கிழக்கு பதிப்பகப் புத்தகங்களில் கண்ணைப் பறிக்கும் வேலையெல்லாம் அட்டையோடு முடிந்துவிடும். உள்ளே தலைப்புப் பக்கத்தில் நூற்பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகச் சின்னம், அவ்வளவுதான். இன்று பெரும்பாலான தமிழ்ப் பதிப்பாளர்களின் வழக்கம் இதுவே.

பதினாறாம் நூற்றாண்டின் வட ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. புத்தகங்கள் பெரும்பாலும் பைண்டு செய்யப்படாத தாள்களாகவே விற்பனைக்கு வந்ததால், முதல் பக்கம்தான் விளம்பரப் பலகை. பாசல் நகரத்து ஃப்ரோபென் அச்சகத்துக்கு ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்து கொடுத்த மரக்கட்டைச் சட்டங்கள் இன்றும் பார்க்கப் பார்க்க அலுக்காதவை. ஆனால் சட்டத்துக்கும் நூலுக்கும் உறவு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; ஒரே சட்டம் பல நூல்களுக்குப் போனது. நம்மூர் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களிலும் இதே கதைதான். கையில் எந்த பிளாக் கிடைத்ததோ அதுவே படம்.

உறவு இருந்துவிட்டாலோ வேறு வம்பு. ஆன்ட்வெர்ப்பில் 1570இல் வெளிவந்த ஆர்தெலியஸின் நிலப்பட நூலைத் திறந்தால், ஐரோப்பா முடி தரித்து மேலே அரியணையில் அமர்ந்திருக்கிறாள். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் கீழே நிற்கிறார்கள். அமெரிக்காவோ ஆடையின்றித் தரையில் கிடக்கிறாள், கையில் வெட்டிய தலை. உள்ளே எவ்வளவு கவனமாக வரைந்த படங்கள் இருந்தால் என்ன? வாசலிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

தமிழ் அச்சில் இந்த ஆடம்பரம் அதிகம் இல்லை. ஓரத்தில் பூ பார்டர் போட்டதோடு சரி; அலங்காரம் முழுவதும் சொல்லில்தான். 1812ஆம் ஆண்டுத் திருக்குறள் பதிப்பின் முகப்பு, பதிப்பித்த ஞானப்பிரகாசன் எந்த ஊர், யார் மகன், எந்த அச்சுக்கூடம் என்பது வரை சொல்லிவிடுகிறது. 1887இல் வந்த சீவகசிந்தாமணியில் பாடிய திருத்தக்கதேவர், உரை செய்த நச்சினார்க்கினியர், பரிசோதித்த கும்பகோணம் காலேஜ் தமிழ்ப் பண்டிதர் சாமிநாதையர், அச்சிட்ட திராவிட ரத்நாகரம் என ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியே தெரிகிறது. அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்ற 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவுக்குக் காரணம். ஆனால் பரிசோதித்தவர் பெயரைப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

குறையும் உண்டு. பட்டமும் விருதும் ஆதரித்த பிரபுவின் பெருமையும் வரிவரியாக இறங்க, நூற்பெயரைத் தேட வேண்டியிருக்கும். இன்ன வித்துவான் 'பார்வையிட்டது' என்ற வரி சில சமயம் வெறும் சிபாரிசுக் கடிதம்தான். எவ்வளவு பார்த்தார் என்பது அவருக்கே வெளிச்சம். ஆனாலும் என் ஓட்டு அந்தப் பழைய, நெரிசலான பக்கத்துக்கே. படம் மயக்கும், பெயர் போட்டவன் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய இலக்கியங்களை மறுபதிப்புச் செய்யும் இன்றைய பதிப்பாளர்கள் பூ பார்டரைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று தலைப்புப் பக்கத்திலேயே இரண்டு வரி போடட்டும்.