கணித வகுப்பில் சரித்திரம்

கணிதப் பாடபுத்தகத்தின் ஓரத்தில் சிறியதொரு கட்டம் வரைந்து, அதனுள் தாடி வளர்த்த பெரியவர் ஒருவரின் படத்தையும், அவர் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும், இன்ன பிரிவுக்கு அவரே தந்தை என்னும் விருதையும் அச்சிட்டுவிட்டால், மாணாக்கருக்குக் கணிதத்தின் சரித்திரத்தைக் கற்பித்தாகிவிட்டது என்றொரு நம்பிக்கை பாடபுத்தகம் எழுதுவோரிடையே நெடுநாளாக நிலவிவருகிறது. அந்தக் கட்டத்தை மாணாக்கர் பெரும்பாலும் படிப்பதில்லை. படிப்பவனும் அது பரீட்சையில் ஒரு மார்க்குக் கேள்வியாக வந்துவிடக்கூடும் என்ற அச்சத்தால் படிக்கிறானேயன்றி, அதற்கும் அதன் அருகிலுள்ள கணக்குக்கும் ஏதோ உறவு உண்டென்று கருதிப் படிப்பதில்லை. இந்த அலங்காரத்தின் வெறுமையைக் கண்டு, தொடக்க நிலையில் சரித்திரமே வேண்டா என்று முடிவுகட்டுவதும் அவசரமேயாகும். ஏனெனில், சரித்திரத்தின் வழியே கணிதத்தைப் புகட்ட வேண்டும் என்று வாதாடியவர்களுள் முதல்தரமான கணித அறிஞர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கூறிய நியாயங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பது நலம்.

1741-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கணிதரான கிளேரோ, க்ஷேத்திர கணிதத்தின் மூலதத்துவங்களை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். வரையறைகளையும் வெளிப்படை உண்மைகளையும் முதற்பக்கத்திலேயே அடுக்கிவைத்துத் தொடக்க மாணாக்கரைத் திகைக்கவைக்கும் யூக்ளிடின் கிரமத்தை அவர் கைவிட்டு, நிலத்தை அளக்க நேர்ந்த தேவையிலிருந்து தொடங்கி, அத்தேவை எழுப்பும் வினாக்களின் வழியே தேற்றங்களைப் புகுத்திச் சென்றார். இத்துறையைக் கண்டுபிடித்தவர்களும் ஒரு காலத்தில் தொடக்க நிலையினரே ஆதலால், அவர்கள் எடுத்துவைத்த முதலடிகள் இன்றைய தொடக்க மாணாக்கருக்கு எட்டாதனவாக இருக்க இயலாது என்பது அவருடைய நியாயம். கேட்பதற்கு இனிய நியாயந்தான். ஆயினும், பண்டைக் காலத்தில் நிலம் அளந்தவர்கள் தொழிலில் தேர்ந்த முதியவர்களேயன்றிப் பத்து வயதுப் பிள்ளைகளல்லர் என்பதையும், ஒரு விதியைக் கண்டு தெளிய அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அவகாசம் இருந்தது, நம் பிள்ளைக்கோ மணி அடிக்கும்வரைதான் இருக்கிறது என்பதையும் அது மறைத்துவிடுகிறது. கிளேரோவோ பதினெட்டாம் வயதிலேயே பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தினரானவர். தொடக்க மாணாக்கனின் தயக்கத்தை அவர் பிறரிடம் கண்டிருக்கலாமேயன்றித் தம்மிடம் கண்டிருப்பார் என்று தோன்றவில்லை. மேலும், அவர் தம் நூலில் காட்டியது உள்ளபடி நடந்த சரித்திரமுமன்று. நடந்திருக்கக்கூடும் என்று கூரிய அறிவொன்று வகுத்துக்கொண்ட சரித்திரம். நூல் நன்றாக அமைந்ததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

இதே நியாயத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிர்நூல் ஒரு புதிய ஆடை அணிவித்தது. கருவிலுள்ள உயிர் தன் முன்னோரின் பரிணாமப் படிகளையெல்லாம் சுருக்கமாகத் திரும்ப நடந்து வளர்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் கூறியதை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் அறிவும் அவ்வாறே மனிதகுலம் நடந்த பாதையில், விரைவாக ஆனால் ஒரு படியையும் விடாமல், நடத்திச் செல்லப்பட வேண்டும் என்று புவான்காரே 1908-இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஹெக்கலின் கொள்கையை உயிர்நூலாரே பிற்காலத்தில் கைவிட்டுவிட்டனர். அது ஒருபுறமிருக்க, எந்தக் குலத்தின் பாதையில் பிள்ளையை நடத்துவது என்ற கேள்விக்கு இக்கொள்கையில் விடை கிடையாது. பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே தனம், ருணம் என்ற பெயர்களால் மிகை எண்களையும் குறை எண்களையும் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்துவிட்டார். சீனத்தில் அதற்கும் முன்பே சிவப்புக் குச்சிகள் மிகையையும் கறுப்புக் குச்சிகள் குறையையும் குறித்து நின்றன. இங்கிலாந்திலோ, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும், 1758-இல் மஸேரஸ் என்ற கணிதர் குறை எண்களைப் பீஜகணிதத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று ஒரு முழு நூலே எழுதினார். குறை எண்ணைக் கண்டு பிள்ளை தயங்குவது மனிதகுலத்தின் நியதி என்றால், அத்தயக்கம் பிரம்மகுப்தரின் மரபுக்கு ஏன் இல்லாமற்போயிற்று? சரித்திரம் ஒற்றை ஏணியாக இருந்தால்தான் படி தவறாமல் ஏறலாம். அது பல நாடுகளில் பல திசைகளில் கிளைத்து, சில இடங்களில் பின்னோக்கியும் ஓடியிருக்கிறது.

ஆகவே, பிள்ளையின் மனம் சரித்திரத்தைத் திரும்ப நிகழ்த்துகிறது என்ற வாதம் நிலைக்கவில்லை. எனினும், மஸேரஸின் கதையில் வேறொரு பிரயோஜனம் உண்டு. கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து எப்படி வரும் என்று கேட்டு, விடை கிடைக்காமல், தான் மந்தபுத்திக்காரன் என்று தீர்மானித்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடும் மாணாக்கனுக்கு, கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்த ஒருவரும் இதே இடத்தில்தான் தடுக்கினார் என்று கூறுவது வெறும் ஆறுதலன்று; அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று அவனுக்கு அளிக்கும் சான்றிதழ் அது. பிரம்மகுப்தரே சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் சூனியம் என்று எழுதிவைத்தார், அது பிழை. அதை மறைக்காமல் சொல்லி, ஏன் பிழை என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லும் உபாத்தியாயர், அவரை வெறுமனே போற்றிவிட்டுப் போகிறவரைவிட அவருக்கு அதிக மரியாதை செய்தவராவார்.

சரித்திரத்தின் தலையாய பயன் எது என்பதைக் காட்டக் கற்பனை எண்களைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எந்த எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் சூனியம் வருமோ அத்தகைய எண் இல்லாததால், அதைக் கணிதர்கள் புதிதாகப் படைத்துக்கொண்டனர் என்று பாடபுத்தகங்கள் தொடங்குகின்றன. உடனே நல்ல மாணாக்கன் ஒருவன், இல்லாத விடையை எதற்காகப் படைக்க வேண்டும், விடை இல்லை என்று எழுதிவிட்டால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்பான். கேள்வி நியாயமானது, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கணிதர்களும் அதையேதான் கருதினர். கார்டானோ 1545-இல் வெளியிட்ட தம் பெருநூலில், பத்தை இரு கூறாக்கி அவற்றைப் பெருக்கினால் நாற்பது வர வேண்டும் என்ற கணக்குக்குக் குறை எண்ணின் வர்க்கமூலத்தைக் கொண்டு ஒரு விடை எழுதிக் காட்டினாராயினும், அது நுட்பமேயன்றி உபயோகமற்றது என்ற கருத்துடன் அப்பால் சென்றுவிட்டார்.

அந்த எண்களை ஒதுக்க முடியாத நிலை வர்க்கச் சமன்பாட்டில் ஏற்படவில்லை, முப்படிச் சமன்பாட்டில்தான் ஏற்பட்டது. ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கைக் கூட்டியதற்குச் சமம். அந்த எண் யாது? நான்கு என்று சோதித்தே சொல்லிவிடலாம். நான்கின் கனம் அறுபத்து நான்கு, அறுபதும் நான்கும் அறுபத்து நான்கு. ஆனால் டெல் ஃபெர்ரோவும் டார்டாலியாவும் கண்டு, கார்டானோ உலகறியச் செய்த சூத்திரத்தில் இக்கணக்கை இட்டால், குறை நூற்றிருபத்தொன்றின் வர்க்கமூலம் நடுவில் வந்து நிற்கிறது. விடை கண்ணெதிரே இருக்கிறது. அதை அடையும் வழியோ இல்லாத எண்ணின் ஊடே போகிறது. 1572-இல் பொம்பெல்லி துணிந்து அவ்வழியே சென்று, இரண்டோடு குறை ஒன்றின் வர்க்கமூலத்தைச் சேர்த்துக் கனம் எடுத்தால், இரண்டோடு அம்மூலத்தின் பதினொரு மடங்கு சேர்ந்த எண் வரும் என்று காட்டினார். சூத்திரத்தின் மற்றொரு பாதியில் அதே தொகை கழித்தலாக வருவதால், இரண்டையும் கூட்டும்போது கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, இரண்டும் இரண்டும் நான்கு என்று அறிந்த விடையே மீண்டும் கிடைத்தது. இதைக் கரும்பலகையில் ஒருமுறை செய்து பார்த்த மாணாக்கன், இந்த எண்கள் எதற்கு என்று பிறகு கேட்கமாட்டான்.

பாடபுத்தகத்தின் கதை பொய்யாக இருப்பதைக்கூட மன்னித்துவிடலாம். மெய்க்கதையைவிட அது மோசமான கற்பித்தல் என்பதுதான் மன்னிக்கத் தகாதது. ஆனால் விலையையும் சொல்லிவிட வேண்டும். முப்படிச் சமன்பாட்டின் சூத்திரம் பள்ளிப் பாடத்திட்டத்தில் இல்லை. அதை நிறுவிக் காட்டுவதற்கு ஒரு வாரம் செல்லும். நிறுவாமல் கொடுத்தால், ஒரு மர்மத்தை விளக்க வந்தவர் இன்னொரு மர்மத்தைத் தலையில் கட்டியதாகும். சூத்திரத்தை நம்பிக்கையின்பேரில் ஏற்கச் செய்து, பொம்பெல்லியின் கனத்தை மட்டும் மாணாக்கரே பெருக்கிச் சரிபார்க்கும்படி விடுவது நடுவழி. ஒரு பாடவேளையில் அது முடியும்.

துணுக்குக் கதைகளின் விஷயம் வேறு. ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களைக் கூட்டும்படி ஆசிரியர் இட்ட கணக்கைச் சிறுவன் காஸ் நொடியில் முடித்துவிட்டான் என்ற கதையைச் சொல்லாத கணித உபாத்தியாயர் அரியர். காஸ் மறைந்த மறு ஆண்டாகிய 1856-இல் அவருடைய நண்பர் வால்டர்ஸ்ஹௌஸன் வெளியிட்ட நினைவு நூலில், கூட்டுத்தொடர் ஒன்றைச் சிறுவன் உடனே கூட்டியதாகச் செய்தி இருக்கிறதே தவிர, ஒன்று முதல் நூறு என்பது இல்லை. அது பின்வந்தோரின் கைச்சரக்கு. கதை மெருகேறியதால் பெரிய நஷ்டமில்லை. இதைக் கேட்கும் நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொன்பது பேர், கணிதம் என்பது பிறவியிலேயே வாய்த்தவர்களுக்கு உரியது என்று கற்றுக்கொண்டு வீடு திரும்புவதுதான் நஷ்டம். எண்களை முன்னிருந்தும் பின்னிருந்தும் இணை சேர்த்துக் கூட்டும் அதே யுக்தி, அல்குவின் பெயரால் வழங்கும் புதிர்த் தொகுதியில், நூறு படிகளில் படிக்கு ஒன்று கூடுதலாக அமர்ந்த புறாக்களை எண்ணும் கணக்காக, காஸுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. இளைஞரின் அறிவைத் தீட்டுவதற்கென்றே அது தொகுக்கப்பட்டதாம். பிள்ளைகளுக்குப் புறாக்களைக் கொடுத்துவிட்டால் யுக்தி அவர்களுடையதாகிறது. காஸைக் கொடுத்தால் அது காஸுடையதாகவே நின்றுவிடுகிறது.

நம் நாட்டில் இத்துறைக்கு நேர்ந்திருக்கும் தனி ஆபத்து, சரித்திரத்தைப் பெருமைக்குச் சாட்சியாக நிறுத்துவது. சங்கமக்கிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டிலேயே வட்டத்தின் பரிதிக்கு முடிவிலாத் தொடர் கண்டார் என்பது உண்மை; அவருடைய மரபில் வந்த ஜேஷ்டதேவர் அதன் நிரூபணத்தை மலையாள உரைநடையில், யுக்திபாஷை என்னும் நூலில், கற்போர்க்குச் சொல்வதுபோல் படிப்படியாக எழுதினார் என்பது அதனினும் வியக்கத்தக்க உண்மை. ஆனால் மேடையில் நாம் கேட்பது, ஐரோப்பியர்க்கு முன்னரே நம்மவர் கண்டனர் என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. அத்தொடரை வகுப்பில் கூட்டிப் பார்க்கச் செய்தால் என்ன நிகழும்? ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, இப்படியே ஐம்பது உறுப்புகள் சென்று, தொகையை நான்கால் பெருக்கினால் 3.12159 வருகிறது, இவ்வளவு பாடுபட்டும் இரண்டாம் தசம இடமே தவறு. அத்தருணத்தில், இம்மரபினர் தொடரை இடையில் நிறுத்தும்போது ஒரு திருத்தமும் சேர்த்தனர் என்று சொல்லி, அவர்கள் கண்ட திருத்தங்களுள் எளியதாகிய ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 0.02-ஐ, இதனுடன் கூட்டச் சொல்ல வேண்டும். ஐந்து தசம இடங்கள் திருந்தி 3.14159 என்று நிற்கும். வகுப்பில் அப்போது எழும் வியப்புக்கு மேடைப் பேச்சின் உதவி தேவைப்படாது. யார் முந்தினார் என்ற கேள்வியும் அவ்வளவாக எழாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, ஜெர்மானியக் கணிதரான டோப்ளிட்ஸ் 1926-இல் ஒரு சொற்பொழிவில் செய்த பாகுபாடு எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. தாம் நாடுவது சரித்திரத்தையன்று, கருத்துகள் எவ்வாறு தோன்றின என்பதையே என்று அவர் தெளிவுபடுத்தினார். கண்டுபிடிப்பின் கிரமத்தை மாணாக்கர் முன்னிலையில் நேராக விரித்துரைப்பது ஒரு முறை. உபாத்தியாயர் அதைத் தாம் கற்று, எந்த இடத்தில் எந்தத் தடை இருந்தது, எது அதை நீக்கியது என்பதை அறிந்துகொண்டு, பெயரும் ஆண்டும் சொல்லாமலே பாடத்தை அதற்கேற்ப அமைப்பது மற்றொன்று. அவர் மறைந்தபின் 1949-இல் வெளியான நுண்கணித நூல் முதல் முறைக்கு அழகிய சான்று; ஆயினும் அது பல்கலைக்கழக மாணாக்கருக்கு உரியது. தொடக்க வகுப்புக்கு இரண்டாம் முறையே ஏற்றது என்று துணிந்து சொல்வேன். சரித்திரம் முதலில் உபாத்தியாயருக்கு உரிய படிப்பு. பிள்ளைக்கு அதிலிருந்து கிடைக்க வேண்டியது விடைக்கு முந்திய வினா. பெயர்களை, வினா தானே அவற்றைக் கேட்கும் இடங்களில், தாராளமாகச் சொல்லலாம்.

இதற்குக் காலம் எங்கே என்று கேட்பவர்களுக்கு, மடக்கை என்னும் அத்தியாயத்தைச் சுட்டிக்காட்டத் தோன்றுகிறது. நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டபோது அது அடுக்குகளைப் பற்றியதாகவே இல்லை. வெவ்வேறு விதமாக இயங்கும் இரு புள்ளிகளைக் கொண்டு, வான சாஸ்திரிகள் நாள்தோறும் செய்துவந்த நீண்ட பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றுவதற்கு அவர் கண்ட சாதனம் அது. மறு ஆண்டே லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் பயணப்பட்டு அவரைக் கண்ட பிரிக்ஸ், பத்தை அடியாகக் கொண்டு அதைத் திருத்தியமைத்து, 1624-இல் பதினான்கு தசம இடங்களுடன் அட்டவணை அச்சிட்டார். அடுக்கின் தலைகீழ்ச் செயல் என்னும் இன்றைய வரையறையை நிலைநாட்டியது 1748-இல் வெளியான ஆய்லரின் நூல். நம் பிள்ளைகள் ஆய்லரின் வரையறையில் தொடங்கி, பயன் இன்னதென்றே அறியாமல் விதிகளை உருப்போடுகிறார்கள். முன்பெல்லாம் மடக்கை அட்டவணைப் புத்தகமாவது கையில் இருந்தது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் சுகத்தை விரல்களாவது உணர்ந்தன. கணக்கிடும் கருவி வந்து அதையும் நீக்கிவிட்டபின், மடக்கை ஏன் பிறந்தது என்பதைச் சொல்லச் சரித்திரத்தைத் தவிர வேறு சாட்சி மிஞ்சவில்லை. எட்டு இலக்க எண்கள் இரண்டைத் தாளில் பெருக்கும்படி வகுப்புக்கு முதலில் இட்டு, அவர்கள் பாதியில் களைத்துப்போன பிறகு இரண்டின் அடுக்குகளைக் கொண்ட ஒரு சிறு அட்டவணையைக் கொடுத்து, பெருக்கல் கூட்டலாவதை அவர்களே காணும்படி விடுவதற்கு இரண்டு பாடவேளைகள் பிடிக்கும். மடக்கை விதிகளின் மேல் வழக்கமாக இடும் நாற்பது பயிற்சிக் கணக்குகளில் பதினைந்தைக் குறைத்தால் அந்த இரண்டும் கிடைத்துவிடும்.