நாலு ஸ்லாட், இரண்டு ஸ்டிக்

ராம் செருக நாலு ஸ்லாட் இருந்தால் நாலையும் நிரப்பலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டிடிஆர்4 காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. டிடிஆர்5-க்கு வந்தபின், அதிலும் ஏஎம்டி-யின் ஏஎம்5 போர்டுகளில், கதையே வேறு.

என்னுடையது ரைசன் 7 7700, பி650 போர்டு. 16 ஜிபி ஸ்டிக் இரண்டும் எக்ஸ்போ (பயாஸில் ராமை ஓவர்கிளாக் வேகத்துக்கு ஏற்றும் ப்ரொஃபைல்) போட்டு 6000 வேகத்தில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. வீடியோ எடிட்டிங்குக்கு 32 போதவில்லை. அதே கம்பெனி, அதே மாடல் நம்பரில் இன்னொரு ஜோடி வாங்கிச் செருகினேன். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் இருட்டு. போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்று போட்ட இடத்தில் ஒரு குட்டி மஞ்சள் விளக்கு விடாமல் எரிகிறது. போர்டு போச்சு என்று பலர் பயந்து பவரை அணைப்பது இங்கேதான். அணைக்கவே கூடாது. உள்ளே மெமரி ட்ரெய்னிங் நடக்கிறது. எந்த நேரக்கணக்கில் சிக்னல் பிசகாமல் வருகிறது என்று போர்டு மாற்றி மாற்றிப் பார்க்கும். ராம் கூடினால் இந்த வேலையும் நீளும். எழுந்துபோய் காபி போட்டுக் குடித்துவிட்டே வரலாம்.

ஆனால் காத்திருந்தும், எக்ஸ்போ போட்டால் நாலு ஸ்டிக்கோடு பூட் ஆகவே மறுத்தது. ஆட்டோவில் விட்டதும் விண்டோஸ் வந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 64 ஜிபி, வேகம் 3600!

ராம் மேல் குற்றமில்லை. 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் உறுதியே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு 3600 என்பதுதான். நாம் ஓட்டும் 6000-கூட ஓவர்கிளாக்தான். ஒரே சானலில் இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் சிக்னல் கலங்கும், மெமரி கன்ட்ரோலர் திணறும். என் கோபமெல்லாம் போர்டு தயாரிப்பாளர்கள் மேல்தான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் பெரிய வேகத்தைப் போடுகிறார்கள். '1டிபிசி 1ஆர்' என்ற மந்திரம் மட்டும் பொடி எழுத்தில் கிடக்கிறது. சானலுக்கு ஒரே ஸ்டிக், அதுவும் ஒற்றை ரேங்க் என்று அதற்குப் பொருள். இதைப் படித்துப் புரிந்துகொள்ள வாங்குகிறவன் இன்ஜினியராக இருக்க வேண்டுமா?

அதனால் ராம் வாங்குமுன் போர்டின் சப்போர்ட் பக்கத்தில் க்யூவிஎல் என்ற, சோதித்துப் பார்த்த ராம்களின் பட்டியலைப் பாருங்கள். மாடல் பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை ஸ்டிக்கோடு சோதித்தார்கள் என்ற கட்டம்தான் முக்கியம். நாலு ஸ்டிக் கட்டம் பல வரிசைகளில் காலியாக இருக்கும். மாடல் நம்பர் ஒன்றானாலும் உள்ளே சிப் ஒன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடி ஒரு செட் ஆகிவிடாது.

பிறகு நாலையும் கழற்றிவிட்டு 32 ஜிபி ஸ்டிக் இரண்டை, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதுமான ஸ்லாட்டில் போட்டேன். எக்ஸ்போ, 6000, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86. ஒரு எரர்கூட இல்லை. ஏஐ சர்வர்களின் பசியால் 2025 கடைசியில் ராம் விலை எகிறிய நிலையில் இது பர்ஸைக் கடிக்கும் யோசனைதான். ஆனால் அதே காரணத்தால் பழைய ஜோடிகளுக்கும் நல்ல விலை கிடைக்கும். பில்லும் பெட்டியும் இருந்தால் இன்னும் நல்லது.